முப்பரிமாண அச்சில் ஒரு நிலா: தடவிப் பார்த்து எழுதியது

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு முப்பரிமாண அச்சுக் கடையில் நிலா உருண்டை செய்து வாங்கினேன். விலை ஆயிரத்துச் சொச்சம். பிறவியிலேயே பார்வை இல்லாதவன் நான், அலமாரியில் அழகுக்கு வைக்க எனக்கு நிலா வேண்டாம். முதலில் அச்சடித்தது வெறும் பந்து. அடுத்ததுதான் காசுக்குத் தகும்.

குற்றம் கடைக்காரத் தம்பி மேல் இல்லை, கணக்கு அப்படி. நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் 2009-இல் போனது, நிலாவின் மேடு பள்ளத்தை லேசரால் அளந்தது. அந்த அளவுகளை வைத்துச் செய்த கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நிலாவின் குறுக்களவு 3,474 கி.மீ. அதில் உச்சி மேட்டுக்கும் அடிப் பள்ளத்துக்கும் வித்தியாசம் சுமார் 20 கி.மீ.தான். 12 செ.மீ. உருண்டையாகச் சுருக்கினால் மொத்த ஏற்ற இறக்கமும் முக்கால் மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். பெயர்பெற்ற டைக்கோ பள்ளத்தின் ஆழம் ஒரு பிரெய்ல் புள்ளி உயரத்தில் பாதிகூட வராது. என் விரலுக்குத் தட்டுப்பட்டதெல்லாம் அச்சு இழை படிந்த வரிகள்தான்.

"உயரத்த மட்டும் அஞ்சு மடங்கு கூட்டிப் போட்டுப் பாப்பமா, அண்ணாச்சி?" என்று தம்பியே கேட்டான்.

"போடுப்பா, பொய் சொன்னாலும் விரலுக்குத் தெரியும்படி சொல்லட்டும்."

கூட்டியபின் அது வேறு உருண்டை. பூமியைப் பார்த்த பக்கத்தில் எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகளில் விரல் தடையில்லாமல் ஓடுகிறது. பாட்டி வடை சுடுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லும் கறை இதுதானாம். மறுபக்கம் திருப்பினால் உழுதுபோட்ட கரிசல் மாதிரி ஒரே கட்டியும் குழியும். நடுவே தெற்கில் 2,500 கி.மீ. அகலத்துக்கு ஒரு பெரும்பள்ளம், உள்ளங்கையே இறங்குகிறது. இந்த மறுபக்கத்தை 1959-இல் சோவியத் விண்கலம் லூனா 3 படம் பிடித்து அனுப்பும்வரை கண்ணுள்ள ஒருவரும் பார்த்ததில்லை. அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

குறை உண்டு. அச்சடிக்கும்போது முட்டுக் கொடுத்த இடத்தைப் பிய்த்த பிசிறு தென்துருவத்துப் பக்கம் அப்படியே கிடந்தது. சந்திரயான்-3 இறங்கிய இடத்தைத் தேடிப் போனால் விரலில் அந்தச் சவத்துப் பிசிறு குத்துகிறது. பக்கத்திலேயே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற மாவட்டத்துக்காரன், அந்த இடத்தை விட முடியுமா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எந்தப் பக்கம் வடக்கு என்பதற்கும் அடையாளம் இல்லை. உச்சியில் ஒரு பாசிமணியை ஒட்டிக்கொண்டேன்.

ஒலியாக வருவதையும் கேட்டுப் பார்த்தேன். நாசாவின் சந்திரா என்ற எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கிக் குழு 2020 முதல் விண்வெளிப் படங்களை ஓசையாக மாற்றி இணையத்தில் இலவசமாகப் போடுகிறது. பால்வீதி மையப் படத்தில் இடமிருந்து வலமாக ஒரு கோடு நகரும். மேலே உள்ளது கீச்சுக் குரலில், கீழே உள்ளது கனத்த குரலில் ஒலிக்கும். வெளிச்சம் கூடினால் சத்தமும் கூடும். காதுக்கு இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விதியை யாராவது முன்கூட்டிச் சொல்லாவிட்டால் கச்சேரி கேட்டதோடு சரி. ஒரு நட்சத்திரக் கூட்டத்தில் நின்று நிதானிக்கலாம் என்றால் கோடு தாண்டிப் போயிருக்கும். உருண்டையில் ஒரு குழியில் விரலை ஊன்றிக்கொண்டு பக்கத்துக் குழி எவ்வளவு தூரம் என்று பார்க்க முடிகிறது.

வாங்குகிறவர்கள் 12 செ.மீ.க்குக் குறைத்து வாங்காதீர்கள். உயரத்தை ஐந்து மடங்காக்கச் சொல்லுங்கள். காசு கொடுக்குமுன் தென்துருவத்தைத் தடவிப் பார்த்துவிடுங்கள்.