'இன் அப்சென்ஷியா': பஸ்ஸிலும் மாடியிலும் ரயிலிலும் கேட்ட ஆல்பம்

ஹெவியான கிட்டார் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வாசிப்பு) நம்பி எடுத்த ஆல்பங்கள் பெரும்பாலும் எனக்கு ஆறே மாதத்தில் அலுத்துவிடும். முதலில் மண்டையில் இறங்குகிற ரிஃப், போகப் போக வெறும் சத்தமாகிவிடும். போர்க்குபைன் ட்ரீ என்ற ராக் குழு 2002இல் வெளியிட்ட 'இன் அப்சென்ஷியா' மட்டும் அப்படி ஆகவில்லை. ஹாஸ்டலில் ஒரு சீனியரின் ஹார்ட் டிஸ்கிலிருந்து வந்தது, அப்புறம் சென்னையிலிருந்து சிடியாக வந்தது, இப்போது போனில் இருக்கிறது. ஏன் இத்தனை வருஷம் தாங்கியது என்று கேட்டால், இதில் ரிஃப்பை விடப் பாட்டு பெரியது என்பேன். ஆனால் அது எங்கே, எதில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக் குழு. எழுதுவது, பாடுவது, கிட்டார் எல்லாம் ஸ்டீவன் வில்சன். கீபோர்டு ரிச்சர்டு பார்பியரி, முன்பு 'ஜப்பான்' குழுவில் வாசித்தவர். பேஸ் காலின் எட்வின். டிரம்ஸில் கேவின் ஹாரிசன். இந்தக் குழுவில் அவருக்கு இதுதான் முதல் ஆல்பம். அதுவரை மிதப்பான இசையும் பாப் மெட்டுமாக இருந்தவர்கள் இங்கேதான் கனமான கிட்டாருக்கு வந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் வெளிவந்த, ஸ்வீடனின் ஓபத் என்ற மெட்டல் (ராக்கிலேயே கனமான, சத்தமான வகை) குழுவின் 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தைத் தயாரித்தவர் வில்சன்தான். அந்த மெட்டல் சகவாசம் இதில் நன்றாகவே தெரிகிறது. 12 பாட்டு, மொத்தம் 68 நிமிடம்.

இந்த 68 நிமிடம் எனக்கு ரொம்ப வசதி. வீடு மதுரையில், வேலை உசிலம்பட்டியில். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் பிடித்து உட்கார்ந்ததும் முதல் பாட்டைப் போட்டால், செக்கானூரணி தாண்டி இறங்குகிற நேரத்தில் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பாட்டைத் தாண்டாமல் வரிசையாகக் கேட்கும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

ஆனால் பஸ்ஸில் பாதி ஆல்பம்தான் காதில் விழும். என்ஜின் இரைச்சல், ஏர் ஹாரன், டிரைவர் தலைக்கு மேல் ஸ்பீக்கரில் ஓடுகிற குத்துப் பாட்டு. இதற்கு நடுவில் 'பிளாக்கஸ்ட் ஐஸ்' ரிஃப் கேட்கும், 'வெட்டிங் நெய்ல்ஸ்' கேட்கும். 'லிப்ஸ் ஆஃப் ஆஷஸ்' மாதிரி மெல்லிய பாட்டு இருந்த இடமே தெரியாது. பஸ்ஸில் மட்டும் கேட்டவர் இதை மெட்டல் ஆல்பம் என்றே சத்தியம் செய்வார்.

மறுபாதியைக் கேட்க வைத்தது கரண்ட் கட். தமிழ்நாடே இருட்டில் கிடந்த 2012 சமயம் நினைவிருக்கும். மிக்ஸி, மோட்டார், ஃபேன், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கிவிடும். மொட்டை மாடியில் பாயைப் போட்டு, பேட்டரி தீரும்வரை பாட்டு. 'ஹார்ட்அட்டாக் இன் எ லேபை' எனக்குப் பிடிபட்டது அங்கேதான். காரை ரோட்டோரம் நிறுத்திய ஒருவன், வீட்டில் இருப்பவளை நினைத்துக்கொண்டே மாரடைப்பில் போய்ச் சேருகிற கதை. முடிவை நெருங்கும்போது ஒரு குரல் மேல் இன்னொரு குரல் வந்து ஏறும். ஒவ்வொன்றும் வேறு வரியைப் பாடும், எதுவும் எதற்கும் காத்திருக்காது. அழுகிற கிட்டார் சோலோ எதுவும் கிடையாது. ஒரு ரிஃப்கூட இல்லாத பாட்டு, ஆல்பத்திலேயே கனமானது அதுதான்.

ரிஃப் வருகிற இடத்திலும் வில்சன் கையைக் கட்டிக்கொண்டுதான் வாசிக்கிறார். 'கிராவிட்டி ஐலிட்ஸ்' கிட்டத்தட்ட எட்டு நிமிடம். முதல் பாதி தூக்கக் கலக்கத்தில் போவது போல மெதுவாக நகரும். பாதி தாண்டிய பிறகே கிட்டார் உள்ளே விழும். அதற்குள் மெட்டு மனசில் பதிந்துவிடுவதால், கிட்டார் அதை மூடுவதில்லை, தூக்கிவிடுகிறது. 'பிளாக்கஸ்ட் ஐஸ்' நேர் எதிர். ஆரம்பத்திலேயே அடித்துவிட்டு, பாடத் தொடங்கியதும் அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இறங்கிவிடும். முதல் தடவை கேட்பவருக்கு வேறு பாட்டு ஆரம்பித்துவிட்டதோ என்று தோன்றும்.

டிரம்ஸைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 'தி சவுண்ட் ஆஃப் முசாக்' பாட்டின் சரணங்கள் ஏழு எண்ணிக்கையில் ஓடுகின்றன. எங்கள் தெருவில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். "மிச்ர சாபுதானே தம்பி, இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்று தொடையில் தகிட தகதிமி போட ஆரம்பித்தார். நாலைந்து சுற்று சரியாகத்தான் போனது. அப்புறம் ஸ்னேர் டிரம்மின் அடி அவர் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டித் தாண்டி விழுவதைக் கவனித்துக் கையை நிறுத்திவிட்டார். "திரும்பப் போடு" என்றார். பல்லவியில் தாளம் சீரானதும் சிரித்தார். கிட்டார் சத்தம் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

இளையராஜா பாட்டில் வரிகளை விட்டுவிட்டு இடையிசைக்காகக் காத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு முதலில் 'ட்ரெயின்ஸ்' போட்டுக் காட்டுவேன். அக்கூஸ்டிக் கிட்டாரில் போகும் பாட்டு நடுவில் சட்டென்று பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்துக்கும் கைத்தட்டலுக்கும் தாவும். ராக் பிடிக்காதவரும் அந்த இடத்தில் தலையாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்தின மதுரை – தேனி ரயில், 2022 மே மாதம் திரும்ப ஓடத் தொடங்கியது. நேரம் ஒத்துவருகிற நாளில் நான் அதற்கு மாறிக்கொண்டேன். உசிலம்பட்டி முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுவதால் ஆல்பம் இரண்டாக உடைந்தது. காலையில் 'வெட்டிங் நெய்ல்ஸ்' வரை ஆறு பாட்டு, சாயங்காலம் மிச்சம். அப்படிப் பிரித்துக் கேட்டபோதுதான் இரண்டாம் பாதியின் பலவீனம் தெரிந்தது. நல்ல மெட்டுகளில் பெரும்பாலானவை முன்பாதியிலேயே செலவாகிவிட்டன. பின்பாதியில் 'பிராடிகல்' அருமை, லேபை பாட்டைச் சொல்லிவிட்டேன். '.3' என்று எண்ணையே பெயராக வைத்த பாட்டில் பேஸும் வயலின்களும் சேர்ந்து நகர்வது ரயிலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். ஆனால் 'ஸ்ட்ரிப் தி சோல்' ஏழு நிமிடத்துக்கு மேல் இழுக்கிறது, ரிஃப்பும் அவ்வளவு புதிதில்லை. அதை இப்போதெல்லாம் தாண்டிவிடுகிறேன். வரிகளில் சில கொலைகாரர்களின் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வீட்டில் பிள்ளைகள் அர்த்தம் கேட்கும்போது சங்கடம்தான்.

எந்தப் பதிப்பு வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: வில்சன் 2018இல் மறுபடி மாஸ்டரிங் செய்த (ஒலியைச் சீர்படுத்திய) பதிப்பு என் காதுக்கு இதமாக இருக்கிறது. பழைய சிடியில் ஹெவியான பகுதிகள் கொஞ்சம் நெரிசலாகக் கேட்கும், இதில் சிம்பலுக்கும் பேஸுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. 2004இல் வந்த 5.1 மிக்ஸ் (ஆறு ஸ்பீக்கரில் சுற்றிலும் கேட்கிற பதிப்பு) பற்றிப் பலர் உயர்வாகச் சொல்கிறார்கள். அதற்கான செட் என்னிடம் இல்லை. சும்மா மலிவான இயர்போனில் கேட்டுவிட்டு ஆல்பம் இரைச்சல் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

இது பிடித்துப்போனால் 2005இன் 'டெட்விங்' அடுத்து. சத்தம் அதில் ஒரு படி அதிகம், மெட்டுகள் கிட்டத்தட்ட இதற்குச் சமம். 2007இன் 'ஃபியர் ஆஃப் எ பிளாங்க் பிளானெட்' இன்னும் இறுக்கமானது, ஆறே பாட்டுதான், உசிலம்பட்டிக்கு முன்பே முடிந்துவிடும்.