இரண்டு லட்சத்துக்குள் ஒரு அட்வென்ச்சர் பைக்: எக்ஸ்பல்ஸ் 210-ஆ, ஆர்டிஎக்ஸ் 300-ஆ, இன்னும் பொறுப்பதா?

என் மச்சான் மூன்று வருடமாக ஒரு வண்டிக்காகக் காத்திருக்கிறான். கையில் பணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறை முன்பணம் கட்டப் போகும்போதும், "மாமா, இன்னும் ஆறு மாசம் பொறுத்தா புதுசா ஒண்ணு வருதாம்" என்று திரும்பி வந்துவிடுவான். வேலை ஓசூரில், வீடு அரூர்ப் பக்கம். சனிக்கிழமை சனிக்கிழமை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி ஊருக்கு வருகிறான். கடைசி நான்கு கிலோமீட்டர் ஜல்லியும் மண்ணும். மழை பெய்தால் அது ரோடு இல்லை, வாய்க்கால். லீவு கிடைத்தால் சித்தேரி மலை, வத்தல்மலை, வருடத்துக்கு ஒருமுறை கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவு. அவனுக்காக உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது. அவனை மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் விலை குறைந்த அட்வென்ச்சர் வண்டி, அதாவது தார் ரோட்டிலும் மண்ரோட்டிலும் ஓட்டச் செய்த வண்டி, என்ற கதை அவ்வளவு பழையது இல்லை. 2011-இல் ஹீரோ இம்பல்ஸ் என்று 150 சிசியில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உடம்பு மலைக்குப் போகிற உடம்பு, இன்ஜின் பால் கேன் தூக்குகிற இன்ஜின். ஓடவில்லை. 2016-இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வந்தபோதுதான் சாதாரண ஆள் லடாக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஒரு லட்சத்தை ஒட்டிய விலையில் வந்து, மண்ரோட்டில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு பள்ளிக்கூடம் மாதிரி ஆனது. ஆனால் 18, 19 குதிரைத்திறன், ஐந்து கியர். காட்டில் ராஜா. நான்குவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் நின்று, முந்தலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ராஜா.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் எல்லோரும் அடுத்தது, அடுத்தது என்று காத்திருந்தார்கள். 2025-இல் அந்த 'அடுத்தது' ஒன்றுக்கு இரண்டாக வந்தது. ஜனவரியில் எக்ஸ்பல்ஸ் 210. அக்டோபரில் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300. நடுவில், செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியது. விலைக் கணக்கு முழுக்கப் புரண்டது அங்கேதான்.

350 சிசி என்ற ஒரு கோடு. அதற்குக் கீழே இருக்கும் வண்டிகளுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மேலே இருப்பவற்றுக்கு 40 சதவீதம். 1.76 லட்சத்துக்கு வந்த எக்ஸ்பல்ஸ் 210 சுமார் 1.62-க்கு இறங்கியது (நான் சொல்வதெல்லாம் ஷோரூம் விலை, சாலை வரியும் இன்சூரன்சும் தனி). 2.60 லட்சத்தில் இருந்த கேடிஎம் 250 அட்வென்ச்சர் 2.40 அளவுக்கு வந்தது. ஆனால் 2023-இல் 2.69 லட்சத்துக்கு வந்த ஹிமாலயன் 450 மூன்று லட்சத்தைத் தாண்டிப் போய்விட்டது. இன்சூரன்சிலும் அதே கோடு இருக்கிறது. புது வண்டிக்குக் கட்டாயமாகக் கட்ட வேண்டிய ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 150-லிருந்து 350 சிசி வரை 7,365 ரூபாய், அதைத் தாண்டினால் 15,117. ஹிமாலயன் 450 நல்ல வண்டி. 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க், இமயமலையில் அலைந்து செதுக்கிய வண்டி. ஆனால் 'விலை குறைந்த' என்ற பேச்சில் அதற்கு இனி இடம் இல்லை. 196 கிலோவைச் சேற்றில் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவர்கள் வேறு காரணமும் சொல்வார்கள்.

ஆக, நிஜமான போட்டி இரண்டு வண்டிகளுக்குள். அப்புறம் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவை சில.

எக்ஸ்பல்ஸ் 210-இன் இன்ஜின் ஹீரோவின் ரோடு பைக்கான கரிஸ்மா எக்ஸ்எம்ஆரிலிருந்து வந்தது. லிக்விட் கூலிங், 24.6 குதிரைத்திறன், 20.7 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் பலம்), ஆறு கியர். முன் சக்கரம் 21 அங்குலம், பின்னால் 18, இரண்டும் ஸ்போக், அதாவது கம்பிச் சக்கரம். சஸ்பென்ஷன் முன்னால் 210 மில்லிமீட்டர் இறங்கி ஏறும், பின்னால் 205. எடை 168 கிலோ.

ஆர்டிஎக்ஸ் 300-இன் இன்ஜின் 299 சிசி. 36 குதிரைத்திறன், 28.5 டார்க். சக்கரம் முன்னால் 19, பின்னால் 17, கம்பி இல்லாத அலாய். சஸ்பென்ஷன் இரண்டு பக்கமும் 180 மில்லிமீட்டர். எடை 180 கிலோ. வந்தபோது விலை 1.99 லட்சம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் ஒரு பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். இதே ஓசூர் ஆலையில் டிவிஎஸ் தயாரித்துக் கொடுத்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் 2018-இல் 3.49 லட்சம். அதன் திறன் 34 குதிரை. ஏழு வருடம் கழித்து, அதே ஊரிலிருந்து, சொந்தமாக வடிவமைத்த புது இன்ஜினோடு, இரண்டு குதிரை கூடுதலாக, ஒன்றரை லட்சம் குறைவாக ஒரு வண்டி. மச்சான் தினமும் அந்த ஊரில்தான் டீ குடிக்கிறான். இத்தனை நாள் யூடியூபில் தேடிக்கொண்டிருந்தான்.

எண்களை அடுக்கினால் ஆர்டிஎக்ஸ் ஜெயித்த மாதிரி தெரியும். ஆனால் இந்த வகை வண்டியில் முடிவைச் சொல்வது சக்கரம்தான், இன்ஜின் இல்லை.

21 அங்குலச் சக்கரம் கல் மேல் ஏறும்போது சாய்வாக ஏறும். சின்னச் சக்கரம் முட்டி ஏறும். மாட்டு வண்டிக்கு ஏன் அவ்வளவு பெரிய சக்கரம் வைத்தார்கள் என்று யோசித்தாலே போதும். ஸ்போக் சக்கரம் அடி வாங்கினால் கொஞ்சம் கொடுத்து வாங்கும், வளைந்தாலும் ஊர்க் கடையில் முறுக்கி நேராக்கலாம். அலாய் அடி தாங்காத இடத்தில் விளிம்பு மடங்கும் அல்லது விரிசல் விடும். பல நேரம் புதுசுதான் போட வேண்டும். ஆனால் அலாயில் ட்யூப்லெஸ் டயர் இருக்கிறது. ஆணி ஏறினால் ஒரு சொருகு சொருகி, காற்றடித்துக் கிளம்பிவிடலாம். எக்ஸ்பல்ஸில் ட்யூப். பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். நடு ஸ்டாண்டு இல்லாத வண்டியில், மலைமேல், தனியாக, அதுவும் பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு அது நடந்தது. அந்த வழியாக வந்த ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் கல் எடுத்துக் கொடுத்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு எங்க டிவிஎஸ் எக்செல்லே தேவலாம் போல" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

சக்கரம் இரண்டு பக்கமும் பேசுகிறது, சரி. உயரம் அப்படி இல்லை. எக்ஸ்பல்ஸ் 210-இன் சீட் உயரம் 830 மில்லிமீட்டர், ஆர்டிஎக்ஸ் 835. காகிதத்தில் ஒன்றுதான். ஐந்தடி ஐந்து அங்குலம் உள்ள எனக்கு இந்த உயரத்தில் ஒரு காலின் முன்பாதம்தான் தரையில் நிற்கும். தார் ரோட்டில் பிரச்சினை இல்லை. சரிவான ஜல்லியில் நின்று, வண்டியைப் பின்னால் தள்ள வேண்டி வந்தால்தான் தெரியும். அங்கே 168-க்கும் 180-க்கும் இருக்கும் பன்னிரண்டு கிலோ ஒரு கேஸ் சிலிண்டர் மாதிரி கனக்கும். சஸ்பென்ஷன் மிருதுவாக இருக்கும் வண்டி நாம் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் அமுங்கும். அதனால் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எக்ஸ்பல்ஸ் 200-இன் ப்ரோ ரகத்தில் சீட் உயரம் 891. அது வேறு உலகம். அங்கே ஏறுவதற்கே ஒரு திண்ணை வேண்டும்.

பின்னால் உட்காருகிறவரைப் பற்றி இந்த வண்டிகளின் விளம்பரங்களில் யாரும் பேசுவதில்லை. விளம்பரத்தில் எப்போதும் ஒரே ஆள், தனியாக, தூசி கிளப்பிக்கொண்டு. நம் வாழ்க்கையில் பின்சீட்டில் அம்மா இருக்கிறார், மடியில் ஒரு கட்டைப்பை இருக்கிறது. உயரமான, ஒல்லியான எக்ஸ்பல்ஸ் சீட்டில் சேலை கட்டியவர் ஒருபக்கமாக உட்கார்ந்து முப்பது கிலோமீட்டர் வருவது லேசில்லை. டூரிங்கை நினைத்துச் செய்த ஆர்டிஎக்ஸ் சீட் இதில் மேல்.

வேகம் பற்றி நீட்டவில்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையில் 36 குதிரைக்கும் 24 குதிரைக்கும் வித்தியாசம் உண்டு. லாரியை முந்தும்போது அந்த வித்தியாசம் பாதுகாப்பும்கூட. ஆர்டிஎக்ஸில் வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் எல்லாம் வருகிறது. நம் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வரும் டிராக்டருக்கு அது தெரியாது.

வாசலில் நிற்பவர்களையும் பார்த்துவிடலாம். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 2022-லிருந்து இருக்கிறது. 249 சிசி, 26.5 குதிரைத்திறன், ஆயில் கூலிங் மட்டும். அலட்டிக்கொள்ளாத இன்ஜின், 167 கிலோ, வரி குறைந்த பிறகு விலை இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் முன் சஸ்பென்ஷன் 120 மில்லிமீட்டர்தான், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைக்க முடியாது. ஜல்லி இறக்கத்தில் பின் பிரேக்கை அழுத்தும்போது ஏபிஎஸ் விட்டுவிட்டுப் பிடித்தால், வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு பயம் வரும். அதனால்தான் மண்ணில் ஓட்டுகிறவர்கள் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதியைக் கேட்கிறார்கள். ஊர் சுற்ற, பழுது பார்க்காமல் பத்து வருடம் வைத்துக்கொள்ள வி-ஸ்ட்ராம் போதும். எனக்குக் கொஞ்சம் சலிப்பாக இருக்கும்.

கேடிஎம் 250 அட்வென்ச்சர் இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கும் நல்ல வண்டி, 31 குதிரைத்திறன், 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன். ஆனால் ஆர்டிஎக்ஸ் வந்த பிறகு நாற்பதாயிரம் கூடக் கொடுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கவாசகி கேஎல்எக்ஸ் 230 வந்தபோது 3.30 லட்சம், பிறகு 2025-இல் இரண்டு லட்சத்துக்குக் கீழே வந்தது. 139 கிலோ, ஆசையாக இருக்கிறது. டேங்க் 7.6 லிட்டர், சீட் உயரம் 880. இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்களுக்கு. ஹோண்டா என்எக்ஸ்200 (முன்பு சிபி200எக்ஸ்) மாதிரி அட்வென்ச்சர் சட்டை போட்ட ரோடு வண்டிகளை விட்டுவிடுகிறேன்.

பழைய ஹிமாலயன் 411 ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால்? கேட்க வேண்டிய கேள்விதான். 24 குதிரைத்திறன்தான், ஆனால் 32 டார்க், அதுவும் கீழேயே கிடைக்கும். சீட் உயரம் 800. இந்தக் கூட்டத்தில் என் இரண்டு காலும் ஒழுங்காகத் தரையில் படும் ஒரே வண்டி. 199 கிலோ என்பதுதான் இடிக்கிறது. தயாரிப்பு நின்றது 2023-இல் என்பதால் சாமான் இன்னும் பல வருடம் கிடைக்கும். குள்ளமானவர்கள், அவசரம் இல்லாதவர்கள் இதைத் தயங்காமல் பார்க்கலாம்.

சாமான் என்றதும் நினைவு வருகிறது. கீழே விழுவதற்கென்றே செய்த வண்டிகள் இவை. கிளட்ச் லீவர், இண்டிகேட்டர், ஹேண்டில்பார், இவற்றின் விலையையும் எத்தனை நாளில் வரும் என்பதையும் ஷோரூமில் இல்லை, சர்வீஸ் சென்டர் கவுண்டரில் கேளுங்கள். ஒரு லீவருக்காக மூன்று வாரம் என்னை அலையவிட்ட டீலர் ஒருவர் உண்டு, பெயர் வேண்டாம். அன்றிலிருந்து பையில் ஒரு ஜோடி லீவர் எப்போதும் இருக்கிறது.

கடைசியில் காசு. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்குச் சாலை வரி 12 சதவீதம். 1.62 லட்சம் எக்ஸ்பல்ஸுக்கு அதுவே பத்தொன்பதாயிரத்தைத் தாண்டும். இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்ந்தால் ரோட்டுக்கு வரும்போது இரண்டு லட்சத்தை உரசும். 1.99 லட்சம் ஆர்டிஎக்ஸ் இரண்டே கால் லட்சத்தைத் தாண்டிவிடும். கூடவே ஹெல்மெட், பூட்ஸ், முட்டிக் கவசம், கையுறை என்று இருபதாயிரம் ஒதுக்க வேண்டும். அதை ஒதுக்க முடியாவிட்டால் ஒரு படி கீழே உள்ள வண்டியை எடுப்பது மேல்.

சரி, இன்னும் பொறுத்தால்? 150 கிலோவுக்குள், 810 மில்லிமீட்டர் சீட் உயரத்தில், ட்யூப் இல்லாத ஸ்போக் சக்கரத்தோடு, முப்பது குதிரைத்திறனில், 1.75 லட்சத்துக்கு ஒரு வண்டி: மச்சான் மனதில் இருப்பது இதுதான், என் மனதிலும் இதுதான். இதில் ட்யூப்லெஸ் ஸ்போக் மட்டும் சீக்கிரம் கீழே இறங்கி வரும் என்று நினைக்கிறேன். ஹிமாலயன் 450-இல் அது ஏற்கனவே வந்துவிட்டது. 350 சிசி கோட்டுக்குக் கீழே வரிச் சலுகை இருக்கும்வரை கம்பெனிகளும் அந்தப் பக்கமே புது வண்டிகளைக் கொண்டுவரும். ஆனால் எடையும் விலையும் ஒன்றாக இறங்காது. இலேசான வண்டி செய்ய அலுமினியம் வேண்டும், அலுமினியத்துக்குக் காசு வேண்டும்.

என்னைக் கேட்டால், எனக்கு எக்ஸ்பல்ஸ் 210. நான் நெடுஞ்சாலைக்கு அதிகம் போவதில்லை, தனியாகப் போகிறேன், விழுகிறேன், எழுகிறேன். மச்சானுக்கு ஆர்டிஎக்ஸ். அவன் கண்ணுக்கு 21 அங்குலச் சக்கரம்தான் அழகாகத் தெரிகிறது, ஆனால் அவன் ஓட்டுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தார் ரோடு. மிச்சமுள்ள அந்த நான்கு கிலோமீட்டர் ஜல்லியை 180 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் பார்த்துக்கொள்ளும். சொன்னேன். "டிசம்பர் வரைக்கும் பாக்கலாமா மாமா?" என்றான்.

வரும் சனிக்கிழமை இரண்டு ஷோரூமுக்கும் போகிறோம். அத்தையையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். பின்சீட்டில் ஏறி இறங்கப் போவது அவர்தானே.