‘அளந்து வெட்டிய’ ஃபேசிங் கேபிள் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

அரை மாதச் சம்பளம் போச்சு. கோபம் இன்னும் அடங்கவில்லை. அடுத்தவராவது தப்பட்டும் என்று எழுதுகிறேன்.

ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகச் செய்யும் வானொலித் தொடர்பு) சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. 145 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு யாகி (ஒரே திசையில் குவித்து அனுப்பும்) ஆன்டெனாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் செட் வாங்கினேன். இதற்கு உயிரே இரண்டு ஆன்டெனாவையும் ஒன்றாகச் சேர்க்கும் ஃபேசிங் கேபிள்கள், அந்த இரண்டு 75 ஓம் கேபிள்கள்தான். ஒவ்வொன்றும் முக்கால் அலைநீளம் இருந்தால் 50 ஓம் ஆன்டெனா (ஓம் என்பது இங்கே இம்பீடன்ஸ், சிக்னலுக்கு எதிரான மின்தடை) 112 ஓமாக மாறித் தெரியும். இரண்டும் இணையாகச் சேரும்போது 56. 50 ஓம் எதிர்பார்க்கும் ரேடியோவுக்கு அது தாராளம். நீளம் பிசகினால் எல்லாம் வீண். அதனால்தான் கடைக்குப் போன் போட்டே கேட்டேன்.

“கவலையே வேண்டாம் சார். ஒவ்வொரு துண்டையும் அனலைசர்ல பார்த்துத்தான் வெட்டுறோம். ரிப்போர்ட்டும் உள்ளே வச்சு அனுப்புறோம்.” அவ்வளவு நிதானமாகச் சொன்னார் கடைக்காரர். (அனலைசர் என்பது கேபிளும் ஆன்டெனாவும் எந்த அலைவரிசைக்குப் பொருந்துகின்றன என்று காட்டும் கருவி.) நம்பிப் பணத்தை அனுப்பினேன்.

பார்சலில் ரிப்போர்ட் இல்லை. மேலே ஏற்றிப் பார்த்தால் ஒற்றை யாகியைவிடப் பெரிதாக எதுவும் கூடவில்லை. டேப் வைத்து அளந்தால் இரண்டு கேபிளும் அச்சாக 102 செ.மீ. அப்புறம் மறுமுனையைத் திறந்துவிட்டு அனலைசரில் மாட்டினேன். முக்கால் அலைநீளமாக இருக்கும் மெகாஹெர்ட்ஸில் இம்பீடன்ஸ் அளவு சட்டென்று இறங்கும். ஒன்று சரியாக 145இல் இறங்குகிறது, இன்னொன்று 180 பக்கம்! கனெக்டரைக் கழற்றினால், ஒன்றில் ஒளி ஊடுருவும் கெட்டி பாலிஎத்திலீன். மற்றதில் நகம் பட்டால் அமுங்கும் வெள்ளை ஃபோம். வெலாசிட்டி ஃபேக்டர் (ஒளி வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் சிக்னல் கேபிளுக்குள் போகிறது என்பது) கெட்டிக்கு 0.66, ஃபோமுக்கு 0.82 அளவில். இந்தப் பங்கு மாறினால் முக்கால் அலைநீளத்துக்கான செ.மீ.யும் மாறும். ஃபோம் துண்டு 127 செ.மீ. இருந்திருக்க வேண்டும். ஆன்டெனாக்களுக்கு இடையே 50 டிகிரிக்கு மேல் ஃபேஸ் (இரண்டு அலைகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் ஒத்திசைவு) விலகினால் பீம் (சிக்னல் குவியும் திசை) அடிவானத்தை விட்டுச் சாயாமல் என்ன செய்யும்?

கடையில் கேட்டால், முதலில் “டியூனர் போடுங்க” (ரேடியோவுக்கு ஓமைப் பொருத்திக் கொடுக்கும் கருவி) என்றார்கள். அடுத்து, “ஃபீடர் (ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்) எந்த நீளமும் இருக்கலாம் சார்.” 50 ஓம் கேபிளில் ஒற்றை ஆன்டெனா என்றால் சரி; அடுக்குக்கு இதைச் சொல்லலாமா? கடைசியில், “வெட்டின கேபிளைத் திருப்பி எடுக்க மாட்டோம்.” வெட்டியதே அவர்கள்! இரண்டு கேபிளையும் படமெடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. அரை மாதச் சம்பளம்!

நீளக் கணக்கை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இவ்வளவு மட்டும்: இரண்டு துண்டும் ஒரே சுருளிலிருந்து வரட்டும். டேப் அளவு போதாது, கனெக்டர் மாட்டிய பிறகு அனலைசரில் பாருங்கள். ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். வெட்டிய கேபிளுக்கு ரிட்டர்ன் உண்டா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.