ஊட்டியில் பத்து நாள் ஹெப்டத்லான் முகாம்: ஓர் ஆசிரியையின் மதிப்பீடு

கோத்தகிரியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரியும் நான், ஊட்டியில் ஒரு தனியார் அமைப்பு ஹெப்டத்லானுக்காக (ஓட்டம், தாண்டுதல், எறிதல் என ஏழு போட்டிகளில் பெறும் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பந்தயம்) நடத்திய பத்து நாள் கோடை முகாமுக்கு 16 வயது மாணவியர் இருவரை அழைத்துச் சென்றேன். தடை ஓட்டத்துக்கும் ஈட்டிக்கும் தனித்தனிப் பயிற்சியாளர்கள் எங்கும் கிடைப்பார்கள்; ஏழு போட்டிகளை இரண்டே நாள்களில் அடுத்தடுத்து முடிக்கப் பழக்குபவர்கள் அரிது. அந்த ஒன்றை இவர்கள் நன்றாகவே செய்தார்கள்.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் முழுப் போட்டி ஒத்திகை. முதல் நாள் 100 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர். மறுநாள் நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 800 மீட்டர். வரிசையை மாற்றாமல், இடையில் குறைந்தது அரை மணி நேரமும் விட்டார்கள். அந்த அரை மணியில் உடனே ஸ்வெட்டர் அணிந்து, ஸ்பைக்ஸை (அடியில் ஆணிகள் கொண்ட ஷூ) மாற்றி, ஒரு கடலைமிட்டாயைத் தின்றுவிட்டு, உட்கார்ந்துவிடாமல் நடக்க வேண்டும். மாலையில் மூடுபனி இறங்கிக் குண்டு எறியும் வட்டம் நனைந்தபோது, பயிற்சியாளர் அதன் விளிம்பில் கோணிச்சாக்கை விரித்து, ஒவ்வொருத்தியும் காலைத் துடைத்த பிறகே உள்ளே விட்டார்.

நீளம் தாண்டுதலில் மூன்றே வாய்ப்புகள். என் மாணவி முதல் இரண்டிலும் தாண்டும் பலகையைக் கடந்து மிதித்து ஃபவுல் செய்தாள். மூன்றும் போனால் அந்தப் போட்டிக்குப் புள்ளியே இல்லை என்பதால், ஓடத் தொடங்கும் அடையாளத்தை ஓரடி பின்னுக்குத் தள்ளி வைக்கச் சொன்னார் பயிற்சியாளர். தூரம் குறைந்தாலும் தாண்டல் பதிவானது. 800 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலிருந்து 2 நிமிடம் 20 விநாடிக்குக் குறைத்தால் ஏறத்தாழ 130 புள்ளிகள் கூடும் என்று புள்ளி அட்டவணையைக் காட்டி விளக்கியதும், அதுவரை அந்த ஓட்டத்தை வெறுத்த பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

ஒரு மாலை, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லானில் 6026 புள்ளிகளுடன் தங்கம் வென்ற இந்திய வீராங்கனை ஸ்வப்னா பர்மனைப் பற்றிப் பேசினார்கள். இரு கால்களிலும் ஆறாறு விரல்கள் கொண்ட அவர் பொருத்தமான ஷூவுக்குப் பட்ட பாட்டைச் சொன்ன கையோடு, எல்லோருடைய ஸ்பைக்ஸையும் சோதித்தது பிடித்திருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பது. சமவெளியிலிருந்து வந்த பிள்ளைகளை முகாமின் இரண்டாம் நாளே 800 மீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டது தவறு. இருவர் மூச்சு வாங்கித் தடத்தோரம் உட்கார்ந்துவிட்டார்கள். மலையிலேயே வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு சிரமமில்லை. கருவிகள் விஷயம் இன்னும் மோசம். 18 வயதுக்குட்பட்டோருக்கு 3 கிலோ குண்டும் 500 கிராம் ஈட்டியும் என்றிருக்க, அங்கே பெரியவர்களுக்கான 4 கிலோவும் 600 கிராமும்தான் இருந்தன. கேட்டதற்கு, கனமானதில் பழகினால் நல்லது என்றார்கள். என் மாணவிக்கு இரண்டு நாள் முழங்கை வலி. வாதாடிய பிறகு பதினான்கு பேருக்கு ஒரே ஒரு 500 கிராம் ஈட்டி வந்தது.

அடுத்த ஆண்டும் போவோம், ஆனால் எங்கள் பள்ளியின் குண்டையும் ஈட்டியையும் எடுத்துக்கொண்டு. ஈட்டியைப் பேருந்தில் ஏற்ற நடத்துநரிடம்தான் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.