மூக்குத் தண்டு வளைவுக்கு அறுவை சிகிச்சையா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

ஒரு நோயாளியின் சிடி ஸ்கேன் அறிக்கையில் ‘தண்டு (மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவர்) வளைந்திருக்கிறது’ என்று ஒரே ஒரு வரி. அதைக் காட்டியே அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். மூக்குக்குள் எண்டோஸ்கோப் (கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டுப் பார்க்கவில்லை. தும்மல், அரிப்பு உண்டா, மாதக்கணக்கில் சொட்டு மருந்து போடுகிறாரா என்ற கேள்விகளும் இல்லை. அந்த நோயாளிக்கோ எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் அந்தப் பக்கம் அடைக்கும். தண்டை நேராக்கிய சில மாதங்களிலேயே அடைப்பு பழையபடி வந்துவிட்டது.

முழுக்க நேரான தண்டு உள்ளவர்கள் குறைவு. முன்னால் குருத்தெலும்பு, பின்னால் மேலே எத்மாய்டு எலும்பின் தகடு, கீழே வோமர் எலும்பு. இவை சேரும் இடங்களில் கோணலோ முள் போன்ற துருத்தலோ இருப்பது சகஜம். வளைவு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். துவாரத்திலிருந்து 1 முதல் 1.5 செ.மீ. உள்ளே இருக்கும் ‘வால்வு’ பகுதிதான் மூக்கிலேயே குறுகலான இடம். அங்கே லேசாக வளைந்தாலும் மூச்சு சிரமப்படும். பின்னால் பெரிய முள் இருந்தும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் உண்டு.

பக்கச் சுவரில் உள்ள டர்பினேட் சதை சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் சுருங்கும். ஒவ்வாமை இருந்தால் இந்த வீக்கம் அதிகமாகும். ஸ்கேன் அந்த ஒரு நொடியை மட்டுமே காட்டும். அடைப்பு பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் சதைதான் காரணம். எலும்பு இடம் மாறாது.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளிது, ஆனால் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சதை வீக்கத்தைச் சுருக்கும் சொட்டு மருந்தான ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் போட்டு, 10 நிமிடம் கழித்து மறுபடி மூக்கைப் பார்க்க வேண்டும். நன்றாகத் திறந்துகொண்டால் அடைப்புக்குக் காரணம் சதை வீக்கம்தான், முதலில் வேண்டியது மருந்து: உப்புநீரால் கழுவி, ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தினமும் குறைந்தது 4 வாரம். ஸ்பிரேயைப் பிடிக்க வலது துவாரத்துக்கு இடது கை, இடதுக்கு வலது கை. முனை அதே பக்கக் காதை நோக்கி இருக்கட்டும். தண்டின் மேலேயே அடித்தால் ரத்தம் கசியும், சதைக்கும் மருந்து போய்ச் சேராது. ‘ஸ்பிரே வேலை செய்யவில்லை’ என்பவர்களில் பலர் அடிப்பது இப்படித்தான். சோதனைக்குப் போட்ட சொட்டு மருந்தை 5 நாளுக்கு மேல் தொடராதீர்கள். அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கிவிடும்.

எப்போதும் ஒரே பக்கம் அடைப்பு, மருந்துக்கும் திறக்கவில்லை, வளைவு கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அறுவை நியாயமானதே. (பெரியவர்களுக்கு ஒரு பக்க அடைப்போடு ரத்தமும் வந்தால், முதலில் கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.) அப்போதும் வளைவு முன்நுனியிலா, நடுவிலா என்று கேளுங்கள். நுனி வளைந்திருக்க, நடுக் குருத்தெலும்பை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புவதும் நடக்கிறது. மூச்சு இழுக்கும்போது மூக்கின் வெளிச்சுவர் உள்ளே ஒட்டினால், தண்டை மட்டும் சரிசெய்து பயனில்லை. மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் குறைந்தது 1 செ.மீ. பட்டையை விட்டுவைக்காமல் குருத்தெலும்பை வெட்டினால் மூக்கு அமுங்கிப்போகலாம். தண்டை மூடியிருக்கும் இரு பக்கச் சவ்வும் ஒரே இடத்தில் கிழிந்தால் தண்டில் ஓட்டை விழலாம். பொருக்கு, ரத்தக்கசிவு, மூச்சில் விசில் சத்தம் எல்லாம் பின்னாலேயே வரும்.

தலைவலியும் குறட்டையும் இந்த அறுவையோடு போய்விடும் என்று வாக்குறுதி கொடுப்பவரிடம் இரண்டாவது கருத்து வாங்காமல் படுக்காதீர்கள்.

அறுவைக்குப் பின் வலி கூடிக்கொண்டே போய், இரு பக்கமும் இறுக அடைத்து, காய்ச்சலும் வந்தால் அது ‘சாதாரண வீக்கம்’ என்று போனில் சொல்வதை ஏற்காதீர்கள். சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் கட்டியிருக்கலாம். குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் இல்லை, சவ்விலிருந்துதான் ஊட்டம். சில நாள் தாமதித்தாலே அது அழுகத் தொடங்கும். அன்றே நேரில் போய், மூக்கைத் திறந்து பார்த்து, ரத்தம் கட்டியிருந்தால் கீறி வெளியேற்றச் சொல்லுங்கள்.