கனடா ஸ்பொன்சர்: உள்ளே இருந்தா, வெளியிலிருந்தா?

கணவனையோ மனைவியையோ கனடாவுக்கு எடுக்க இரண்டு வகை இருக்கிறது: உள் வகை, வெளி வகை. துணை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை, வெளி வகைதான். ஏற்கெனவே விசிட்டர் விசாவில் வந்து ரொறன்ரோவில் ஒன்றாக இருப்பவர்களுக்குத்தான் குழப்பம். கனடாவில் இருந்துகொண்டே வெளி வகையிலும் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

உள் வகையில் இருவரும் கனடாவில் சேர்ந்து வாழ வேண்டும். இடையில் ஊரில் ஒரு செத்தவீடு என்று போய், திரும்பி வர விடவில்லை என்றால் விண்ணப்பமும் விழுந்துவிடும். வெளி வகையில் அந்தச் சிக்கல் இல்லை.

பெரிய வித்தியாசம், மறுத்தால்தான் தெரியவரும். வெளி வகையில் ஸ்பொன்சர் செய்தவர் 30 நாளுக்குள் அப்பீல் போடலாம். அங்கே புதிய ஆதாரம் காட்டலாம், சாட்சிகளையும் பேச வைக்கலாம். உள் வகைக்கு அந்த உரிமை கிடையாது. பெடரல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதுவும் முதலில் அனுமதி கேட்டு.

நம் ஆட்களுக்கு இது முக்கியம். அகதியாக வந்தவர் இலங்கைக்குப் போகப் பயந்து திருச்சியில் தாலி கட்டியிருப்பார். பெண்ணின் தாய் தகப்பன் மட்டும் வந்திருப்பார்கள். அல்பத்தில் மொத்தமே பத்துப் பதினைந்து முகம். மாப்பிள்ளை வீட்டார் எங்கே என்று அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். காரணத்தை ஒரு கடிதத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். அப்படியும் மறுத்தால், அப்பீலில் வராத மாமியாரே ஏன் வரவில்லை என்று சொல்லலாம்.

வேலை அனுமதிக்காக உள் வகையைத் தேர்ந்த காலம் ஒன்று இருந்தது. 2023இல் வந்த மாற்றத்தால், கனடாவில் விசாவோடு இருக்கும் வெளி வகைக்காரரும் அதைக் கேட்க முடிந்தது.

மற்றதெல்லாம் இரண்டிலும் ஒன்றுதான்: துணையின் செலவுக்கு ஸ்பொன்சர் செய்தவருக்கு மூன்று வருடப் பொறுப்பு, பெரும்பாலும் குறைந்தபட்ச வருமானக் கணக்கு இல்லை, பி.ஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைத்தபின் இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனையையும் 2017இல் எடுத்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், கையில் விசா செல்லுபடியாக இருக்கும்வரை வெளி வகைதான். விசா முடிந்துவிட்டதா? சரி, அப்போது உள் வகைதான் வழி. சேர்ந்து வாழும் தம்பதிக்கு, விசா முடிந்திருந்தாலும் போட அதில் விலக்கு இருக்கிறது. பி.ஆர் கைக்கு வரும்வரை டிக்கெட் மட்டும் போடாதீர்கள்.