முனீஸ்வரன் கோயில் தெருவுல வாங்குன கணக்குப்பிள்ளை மேசை, நேர்மையான ரிவ்யூ

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்குறது தெரிஞ்சதுதான். அதுல ஒரு கடையில போன ஆவணியில ஒரு கணக்குப்பிள்ளை மேசை வாங்குனேன், கடை பேரு சொல்லல, ஏன்னு போகப்போகப் புரியும். 4,500 சொன்னாங்க, நான் ரெண்டு தடவ வாசல் வரைக்கும் போயித் திரும்பி வந்து 3,800க்கு முடிச்சேன். தரையில சம்மணம் போட்டு உக்காந்து எழுதுறதுக்கு மேல்பலகை சாய்வா இருக்குமே, அந்த மேசை. மூடியத் தூக்குனா உள்ள பேரேடு வைக்க இடம், மேல ஓரத்துல மைக்கூடு உக்கார ஒரு குழி, அந்தக் குழிக்குள்ள இன்னும் நீலக்கறை இருக்கு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ணப் போன செட்டியார் வீடுகள்ல இது இல்லாம இருக்காது, இப்ப பங்கு பிரிச்சு வீட்ட இடிக்கிறப்பல்லாம் கதவு தூணோட சேந்து இதுவும் தெருவுக்கு வந்துருது.

எனக்கு இருக்குறது மூணு கிறுக்கு. பழைய மரச்சாமானத் தேச்சு பாலிஷ் போடுறது, புஸ்தகம் படிக்கிறது, நூல் பின்னல். ஆபீஸும் போயிக்கிட்டு மூணையும் எப்படி ஆச்சி பாக்குறீகன்னு கேக்குறாக. பாக்கலங்குறதுதான் உண்மை, ஒண்ணு முடியுறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சு மூணும் பாதியில கெடந்துச்சு, அப்பத்தா "மூணு அடுப்பையும் பத்தவச்சிட்டு சோறு எங்கடி"ன்னு கேக்கும். இந்த மேசை வந்தப்புறம்தான் கொஞ்சம் வழிக்கு வந்துச்சு, அதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே.

மொதல்ல கடை. நல்லதச் சொல்லிர்றேன், எவ்வளவு நேரம் கெளறுனாலும் முகம் சுளிக்க மாட்டாக, ஆட்டோல ஏத்தி விட்டாக. ஆனா "அம்புட்டும் பர்மாத் தேக்கு"ன்னு சொன்னாக பாருங்க, வீட்டுக்கு வந்து கவுத்துப் பாத்தா அடிப்பலகை ப்ளைவுட்! மேல கருப்புச் சாயம் அடிச்சு, புது ஆணி பளபளன்னு இருக்கு. பழைய வேலையில மூலைக்கு மூலை பல்லு பல்லாக் கோத்து வச்சிருப்பாக, மத்த நாலு பக்கமும் அப்படித்தான் இருக்கு, தேக்குதான், உப்புத்தாள் போட்ட ஒடனே அந்த எண்ணெய் வாசம் வந்துருச்சு. போன் பண்ணிக் கேட்டா "பழசுன்னா அப்படித்தான் ஆச்சி"ங்கிறாக. அதனால அங்க போறவுக எதையும் கவுத்துப் பாக்காம காசு குடுக்காதீக.

அடுத்தது பாலிஷ். சோம்பேறித்தனத்துல கலந்தே விக்கிற பாலிஷ் ஒரு டப்பா வாங்குனேன், மூணு நாள் ஆச்சு, வெரல வச்சா ரேகை விழுது. எதிர்வீட்டுக்கு வேலைக்கு வந்த ஆசாரி அண்ணன் ஒரு மோப்பம்தான் புடிச்சாரு, "இது கெட்ட பாலிஷ் ஆச்சி, அரக்கு ஸ்பிரிட்டுல மாசக்கணக்கா கெடந்தா அப்பறம் காயாது, ஸ்பிரிட்டத் தொட்டுத் தொடச்சு எடுத்துருங்க"ன்னாரு. தொடச்சேன், ஒரு ஞாயித்துக்கெழம போச்சு. அப்பறம் அவலரக்கு, அவல் கணக்கா சில்லு சில்லா இருக்குற அரக்கு, 100 கிராம் வாங்கி அரை லிட்டர் ஸ்பிரிட்டுல ராத்திரி ஊறப்போட்டு, காலையில வடிகட்டி, பழைய வேட்டித்துணிக்குள்ள பஞ்ச வச்சு முடிஞ்சு அதால தேச்சேன். என்ன ஒரு நெறம்! சுடுகஞ்சி கணக்கா இருந்த மரம் தேன் கலருக்கு வந்துருச்சு. கூட்டிக் கழிச்சா டப்பாவ விட செலவும் கம்மி. ஒரே ஒரு விஷயம், மழ பெய்யிறப்ப போடாதீக, ஐப்பசியில போட்ட ஒரு கை பூச்சு அப்படியே வெள்ளப் பூத்துப்போச்சு, மறுபடி லேசா ஸ்பிரிட் தொட்டு ஓட்டுனதும்தான் தெளிஞ்சுது.

இங்கதான் விஷயமே. ஒரு கை போட்டா அர மணி நேரம் தொடக்கூடாது. அந்த அர மணி நேரத்துலதான் இப்ப பின்னலும் படிப்பும், அத வச்சுத்தான் என் பொழப்பு ஓடுது. மொதல்ல புத்தி கெட்டுப்போயி பக்கத்துலயே உக்காந்து பின்னுனேன், மெரூன் கலர் காட்டன் நூலு, காத்தாடி வேற ஓடுது, பாத்தா பாலிஷ் மேல முடி மொளச்ச மாதிரி மெரூன் தும்பு ஒட்டிக் கெடக்கு, 400 நம்பர் உப்புத்தாள் போட்டு அம்புட்டையும் எடுத்தேன். இப்ப பாலிஷ் வீட்டுக்கு உள்ள ரெண்டாங்கட்டுல, நூலு முன்கூடத்துப் பட்டாலையில. புஸ்தகத்த அரக்குக் கையோட தொடுறதில்ல, ஒரு நாவல்ல 212ஆம் பக்கத்துல என் கட்டவெரல் நெரந்தரமா இருக்கு.

ரெண்டு ஊசி பின்னலயும் விட்டுட்டேன், ஒத்தக் கொக்கி ஊசியில பின்னுற குரோஷாவுக்கு மாறிட்டேன். ரெண்டு ஊசியில வரிசை முழுக்க கண்ணி ஊசியிலயே நிக்கும், அவசரமா எந்திரிச்சா நாலு கண்ணி கழண்டு கீழ ஓடிரும். குரோஷால ஒரே ஒரு கண்ணிதான் உசுரோட இருக்கும், அத கொஞ்சம் பெருசா இழுத்து விட்டுட்டு எப்ப வேணா எந்திரிக்கலாம். கம்பளி நூலெல்லாம் நம்ம ஊரு வெயிலுக்கு வேலைக்காவாது, மடியில வச்சாலே வேர்க்கும், காட்டன்தான்.

மேசை முடிஞ்சதும் பட்டாலையில போட்டு மூடி மேல புஸ்தகத்த வச்சா, அந்தச் சாய்வு கண்ணுக்கு நேரா அம்சமா நிக்குது, ரெண்டு கையும் ஃப்ரீ, படிச்சுக்கிட்டே பின்னலாம். ஆனா நான் போட்ட பாலிஷ் வழவழப்புக்கு புஸ்தகம் பொத்துன்னு மடியில வந்து விழுந்துச்சு. கீழ ஓரத்துல தடுப்புச் சட்டம் அடிக்க மனசு வரல, பழைய மரத்துல புது ஆணியான்னு. பின்னி வச்சிருந்த மெரூன் துண்டையே மேல விரிச்சேன், புஸ்தகம் அசையல.

இன்னொண்ணு, உள்ள ஒட்டியிருந்த காகிதத்தப் பிரிச்சா ஒரு பழைய கல்யாணப் பத்திரிக்க, பாதிதான் இருக்கு, மாப்பிள்ள வீட்டுப் பக்கம் செல்லு தின்னுருச்சு. பழைய புஸ்தகம் காகிதமெல்லாம் தேடித் தேடிச் சேத்த பக்கத்து கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இருந்திருந்தா இதையும் வாங்கி வச்சிருப்பாரு, அவரு சேத்து வச்சதுதான் இன்னைக்கு சென்னையில நூலகமா நிக்குது. நான் அத மேசைக்குள்ளயே போட்டுட்டேன்.

மேசைக்கு 5க்கு 4, அவலரக்குக்கு 5. கடைக்கு 2, அதுவும் ஆட்டோல ஏத்தி விட்டதுக்கு. ப்ளைவுட்ட எடுத்துட்டு தேக்குப்பலகை போட ஆசாரி அண்ணன் தைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு.